பக்கத்து வயல் களை மருந்து நம் பந்தலில் இறங்கினால்

கையில் இருந்த இலை பனையோலை விசிறி மாதிரி இருந்தது. திராட்சை இலை மடல் மடலாக வெட்டுப்பட்டு இருக்கும், நரம்புகள் காம்படியிலிருந்து கைவிரல் போலப் பிரியும். இந்த இலையில் வெட்டையே காணோம். நரம்புகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நேர்நேராக ஓடி, ஓரத்தில் ஒவ்வொன்றும் கூரான பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய பச்சை, இடம் பத்தாமல் புடைத்துச் சுருங்கிக் கிடந்தது.

2021 ஆகஸ்ட் முதல் வாரம். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். கவாத்து வெட்டி, அதாவது பழைய கிளைகளைக் கழித்து, ஐம்பது நாள் ஆகியிருந்தது. பூ முடிந்து பிஞ்சு மிளகு அளவில் நிற்க வேண்டிய நேரத்தில், மேற்கு ஓரத்து நாலு வரிசையில் கொத்தை லேசாகத் தட்டினால் காய்ந்த பூ பொலபொலவென்று கொட்டியது.

இலையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் "வைரஸ்" என்றார். பக்கத்தில் நின்றவர் "இல்லக்கா, துத்தநாகம் பத்தல" என்றார். இரண்டுக்கும் மருந்து வாங்கினேன். 3,400 ரூபாய். அடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். ஒரு இலைகூடத் திருந்தவில்லை. எப்படித் திருந்தும்? அது நோயே இல்லை. மேற்கே வரப்புக்கு அந்தப் பக்கம் நெல் வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி, ஆடிக்காற்றில் சாரலாக எங்கள் பந்தலுக்குள் வந்து இறங்கியிருந்தது. இதைப் படிக்கிறவர்களுக்காவது அந்த 3,400 ரூபாய் மிஞ்சட்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் இது திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. முல்லைப் பெரியாறு தண்ணீரை ஜூனில் திறந்தால் 14,707 ஏக்கரில் முதல் போகம் நெல் தொடங்கும். நட்டு மூன்று வாரத்தில், அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிப்பார்கள். அது சரியாக ஆடி மாசம், மேல்காற்று மலையிறங்கி வந்து வேட்டியைப் பறிக்கும் காலம். திராட்சையோ எங்கள் ஊரில் வருஷம் பூராவும் காய்க்கும். ஆளாளுக்கு ஒரு தேதியில் கவாத்து வெட்டுவோம். ஆக, எந்த வாரத்தில் யார் களை மருந்து அடித்தாலும் ஏதாவது ஒரு பந்தல் பூவில் நிற்கும். பூ விடுவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து பிஞ்சு பிடிக்கும் வரைதான் திராட்சைக்கு மிக மோசமான நேரம்.

2,4-டி என்பது செடியின் வளர்ச்சி ஹார்மோன் போல நடிக்கும் மருந்து. அகன்ற இலைச் செடிக்குள் போனால் குருத்து கண்டபடி வளர்ந்து முறுக்கிக்கொண்டு சாகும். நெல், கரும்பு, சோளம் போன்ற புல் சாதி தாங்கிக்கொள்ளும். தென்னையும் வாழையும் பெரும்பாலும் தப்பிவிடும். திராட்சை, பப்பாளி, தக்காளி, பருத்தி, முருங்கை இவற்றுக்கு அதன் வாசனை பட்டாலே ஆகாது. வேடிக்கை என்னவென்றால், எலுமிச்சையில் பிஞ்சு உதிராமல் இருக்க இதே மருந்தைத்தான் லட்சத்தில் இரண்டு பங்கு அளவில் கரைத்து அடிக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு சொற்ப அளவிலேயே மரத்துக்குள் வேலை செய்யும் சாமான் இது. "நாலு சொட்டுத்தானே பறந்து வந்துச்சு" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

முதலில் களையைப் பாருங்கள்

மரத்தில் ஏதோ கோளாறு என்று தெரிந்ததும் மரத்தையே உற்றுப் பார்ப்பது நம் பழக்கம். நான் உண்மையைக் கண்டுபிடித்தது வரப்பில் கீரை பறிக்கக் குனிந்தபோது. தொய்யக்கீரையின் நுனி கொக்கிபோல வளைந்திருந்தது. பக்கத்திலேயே குப்பைமேனி, அதன் இலைக் காம்புகள் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. எப்போதோ எறிந்த பழத்திலிருந்து தானாக முளைத்த ஒரு தக்காளிச் செடி, பிழிந்துபோட்ட துணி மாதிரி முறுக்கிக் கிடந்தது. இவற்றுக்கு நடுவிலேயே அருகம்புல் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பச்சென்று நின்றது.

திராட்சைக்கும் தக்காளிக்கும் குப்பைமேனிக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி வரும் நோய் கிடையாது. சத்துக் குறைவும் அப்படி வராது. சம்பந்தமில்லாத நாலு செடி ஒரே நேரத்தில் கோணிக்கொண்டால் மேலேயிருந்து ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, தோட்டத்தைக் குறுக்கே நடங்கள். காற்று வந்த பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டே போங்கள். எனக்கு மேற்கு ஓரத்து முதல் வரிசையில் ஏறக்குறைய எல்லாக் கொடியிலும் விசிறி இலை. நாலாவது வரிசையில் பாதிக் கொடி. ஏழாவதில் அங்கொன்று இங்கொன்று. பத்தாவது தாண்டினால் சுத்தம். பூச்சியோ பூஞ்சாணமோ திட்டுத் திட்டாகத் தொடங்கிப் பரவும். சத்துக் குறைவு மண்ணைப் பொறுத்துத் தோட்டம் பூராவும் தெரியும். சாரல் மட்டும்தான் ஒரு பக்கத்தில் கனமாக விழுந்து, போகப் போக மெலியும்.

என் சந்தேகத்தை அடியோடு தீர்த்தது மோட்டார் ரூம். முதல் வரிசைக்கு மேற்கே, வரப்பை ஒட்டி எட்டடிக்கு எட்டடியில் ஒரு சின்னக் கட்டடம். அதற்கு நேர் கிழக்கே இருந்த இரண்டு கொடிகள் மட்டும், இருபுறமும் எல்லாம் கோணியிருக்க, நல்ல இலையும் நல்ல பிஞ்சுமாக நின்றன. மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஆள் மாதிரி. சுவர், வைக்கோல் படப்பு, அடர்ந்த புளியமரம் என்று உங்கள் தோட்டத்திலும் காற்றை மறிக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். அதன் பின்புறம் போய்ப் பாருங்கள். தனி மரமாக இருந்தால் காற்று வந்த பக்கத்துக் கிளைக்கும் மறுபக்கத்துக் கிளைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இலையை வைத்துத் தேதியும் கண்டுபிடிக்கலாம். மருந்து விழுந்த அன்று முழுசாக விரிந்திருந்த இலை பெரிதாகக் கெடாது. அன்று குருத்துக்குள் இருந்தவைதான் கோணலாக வெளிவரும். ஒரு கிளையை எடுத்து, முதல் கோணல் இலையிலிருந்து நுனி வரை எண்ணுங்கள். எங்கள் ஊர் வெயிலில் கொடி ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு இலை விடும். நான் எண்ணியபோது ஐந்து இருந்தது, அதாவது பதினைந்து நாள். ஜூலை 22 வாக்கில் மேற்கு வயலில் மருந்து அடித்தது எனக்கே ஞாபகம் வந்தது. அன்று மோட்டார் போடப் போனபோது மூக்கில் அந்த நெடி அடித்திருந்தது. நானும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன், வேறென்ன சொல்ல.

எந்த மருந்து என்று இலை சொல்லும்

விசிறி இலை, முறுக்கிய குருத்து, கீழே வளைந்த காம்பு என்றால் 2,4-டி வகை. குருத்து வளைவது இரண்டு மூன்று நாளிலேயே தெரியும், இலை கோணுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி அப்படிக் காக்க வைக்காது. இன்று அடித்தால் வெயில் பட்டு மறுநாளே தெரியும். துளி விழுந்த இடத்தில் மட்டும் வட்ட வட்டமாக வெந்து, பழுப்பாகிக் காயும். எண்ணெய் தெறித்த தோல்போல. மரத்துக்குள் பெரிதாக ஓடாது என்பதால் அடுத்து வரும் குருத்து நன்றாகவே இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மரம் மீண்டுவிடும். இதை இலைப்புள்ளி நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. நோய்ப்புள்ளி நாளாக நாளாகப் பெருகும், புது இலைக்கும் ஏறும். பாராகுவாட் புள்ளி முதல் நாள் எத்தனையோ அத்தனைதான்.

கிளைபோசேட்தான் நயவஞ்சகன். ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் நுனிக்குருத்து வெளிறும். கணுவுக்குக் கணு சின்னச் சின்ன ஊசி இலைகள் கொத்தாகக் கிளம்பும், துடைப்பம் மாதிரி. மரத்துக்குள் இறங்கி வேர்வரை போய் உட்கார்ந்துகொள்வதால், சில மரங்களில் இந்தத் தளிரில் ஒன்றும் காட்டாமல் அடுத்த தளிரிலோ அடுத்த கவாத்திலோதான் காட்டும். கொய்யா, மா, எலுமிச்சை எதுவானாலும், இலையில் மட்டுமல்ல, இளங்கன்றின் பச்சைத் தண்டில் பட்டாலும் உள்ளே போகும்.

மக்காச்சோளத்துக்கு இப்போது டெம்போட்ரியோன் அடிக்கிறார்கள். அது பட்டால் குருத்து இலை பச்சையம் இழந்து வெள்ளை வெளேரென்று வரும். அட்ரசின் பெரும்பாலும் காற்றில் வராது, தண்ணீரோடு வரும். மேட்டு வயலிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்து வந்து வேர் வழியாக ஏறினால் முதலில் பழைய இலைகளின் ஓரமும் நரம்பிடையும் மஞ்சளாகும். அப்போது காற்றின் திசையை விட்டுவிட்டுத் தண்ணீர் வந்த வழியைத் தேடுங்கள்.

பப்பாளிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2,4-டி பட்ட பப்பாளி இலை ஒடுங்கி, விரல் விரலாக, மரவள்ளி இலைபோல ஆகும். வளையப்புள்ளி வைரஸ் வந்தாலும் இலை ஒடுங்கும். இந்தக் குழப்பத்தில் நல்ல மரத்தை வெட்டியவர்களும் இருக்கிறார்கள், வைரஸ் மரத்தை விட்டுவைத்துத் தோட்டத்தையே பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். வைரஸ் என்றால் காயின் தோலில் வளையம் வளையமாகத் தெரியும், இலைக் காம்பிலும் தண்டின் மேல்பகுதியிலும் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சைக் கோடுகள் இருக்கும், இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த தேமல் இருக்கும். முக்கியமாக, நாளுக்கு நாள் புது மரங்களுக்குப் பரவிக்கொண்டே போகும். சாரல் பட்ட மரம் மூன்று நாலு வாரத்தில் நடுவிலிருந்து சாதாரண இலை விட ஆரம்பிக்கும். சந்தேகமாக இருந்தால் நாலு மரத்தில் துணி கட்டி அடையாளம் வைத்து, வாரம் ஒரு தடவை படம் எடுங்கள். அரிவாளைக் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம்.

அன்றே தெரிந்தால், பிறகு தெரிந்தால்

மருந்து விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்களா? உடனே மோட்டாரைப் போட்டு, சுத்தமான தண்ணீரால் மரத்தை மேலிருந்து கழுவுங்கள். இலை சொட்டச் சொட்ட. நேரம் போகப் போகப் பலன் குறையும். பாராகுவாட் அரை மணிக்குள் உள்ளே போய்விடும், மற்றவற்றில் ஓரிரு மணி நேரம் கிடைக்கலாம். களை மருந்து கரைத்த அதே டேங்கில் தண்ணீர் பிடித்துக் கழுவ வேண்டாம். சிரிக்காதீர்கள், அவசரத்தில் அப்படிச் செய்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றால், முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. மோர், வெல்லத்தண்ணீர், பஞ்சகவ்யம், விலை உயர்ந்த டானிக் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மரம் தானாக மீண்டால் கடைசியாக எதை அடித்தோமோ அதற்குப் பேர் போய்விடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். தண்ணீர்ப் பாய்ச்சலை ஒழுங்காக வைத்தேன், காயவும் விடவில்லை, தேங்கவும் விடவில்லை. யூரியாவை நிறுத்தினேன். ஏற்கெனவே தறிகெட்டு வளரும் குருத்தைத் தழைச்சத்து கொடுத்து விரட்டக் கூடாது. ஜிப்ரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஊக்கி எதையும் அந்த வரிசைகளுக்கு அடிக்கவில்லை. அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்க வேண்டியதை மட்டும், வெயில் தாழ்ந்து அடித்தேன். கோணலான கிளைகளை வெட்டிவிடக் கை துறுதுறுத்தது, வெட்டவில்லை. மருந்து அதற்குள் கொடி முழுக்க ஓடியிருக்கும், நுனியை வெட்டி அதை வெளியேற்ற முடியாது. கோண இலையும் ஓரளவு சமைக்கும், அந்தச் சாப்பாடும் கொடிக்கு வேண்டும். மாவிலோ கொய்யாவிலோ இலை பெரிதாகக் கொட்டிவிட்டால் தண்டிலும் கிளையிலும் சுண்ணாம்பு அடியுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் பட்டை வெடிக்கும்.

முதல் இரண்டு வரிசையில் இருந்த கொத்துகளை எல்லாம் கிள்ளிப் புதைத்தேன். பாதி மிளகும் பாதி கோலியுமாக நின்ற அந்தக் காயை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார். பழத்தில் மருந்து எவ்வளவு தங்கியிருக்கும் என்று நாக்கு சொல்லாது, ஆகவே வீட்டுக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பாரம் இறங்கியதும் கொடிக்கும் நல்லதாகப் போனது. அடுத்த கவாத்தை மூன்று வாரம் தள்ளி வைத்தேன். அந்தப் போகத்தில் நாலாவது வரிசை முழுக்கத் தேறிவிட்டது. முதல் வரிசையில் இரண்டு கொடி மட்டும் அதற்கடுத்த போகத்தில்தான் நேரானது.

பேச்சுக்கு முன் படம்

கோபத்தோடு பக்கத்து வயலுக்குப் போவதற்கு முன் இரண்டு மணி நேரம் செலவழியுங்கள். போனில் தோட்டம் முழுக்கத் தெரிவதுபோல் ஒன்று, வரிசை வரிசையாகச் சில, இலை கிட்டத்தில் சில, வரப்புக் களைகள், மோட்டார் ரூம் மாதிரி மறைவிடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஒரு தாளில் தோட்டத்தை வரைந்து, எந்த வரிசையில் எவ்வளவு என்று குறித்து, காற்று வந்த திசைக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். தேதி, நேரம், அன்று அங்கே யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் பாதிப்பில்லாத பக்கத்திலிருந்து இலை பறிக்கத் தொடங்கி, அடிபட்ட பக்கத்தில் முடியுங்கள். தலைகீழாகப் போனால் உங்கள் கையே மருந்தைச் சுமந்துபோய் நல்ல இலையில் வைக்கும். இடத்துக்கு ஒரு பை, இடத்துக்கு ஒரு ஜோடி கையுறை, நேராகப் பிரிட்ஜின் உறைபெட்டி. நாளாக நாளாக இலைக்குள் மருந்து சிதைந்துகொண்டே போகும், ஆகவே தாமதிக்காதீர்கள். எச்சம் பார்க்கும் வசதி கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எந்த மருந்து என்று சந்தேகப்படுகிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லா மருந்தையும் ஒரே சோதனையில் தேட முடியாது. இலையைப் பார்த்து அடையாளம் சொன்னால் போதும் என்றால், எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் பக்கம்தான். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கிறது.

இழப்பு பெரிது என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். உங்கள் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், அந்தப் பயிர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தல் போட்டுப் பத்து வருஷம் ஆகியும் காகிதத்தில் தரிசாகக் கிடக்கும் நிலங்கள் நிறைய உண்டு.

நான் மனு வரை போகவில்லை. மேற்கு வயல்காரர் எனக்குப் பெரியப்பா முறை. இலையை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். முதலில் "என் வயல்ல அடிச்சது உன் பந்தலுக்கு எப்படி தாயி வரும்?" என்றார். வரப்புக்குக் கூட்டிப்போய்க் குப்பைமேனியைக் காட்டினேன். தக்காளியைக் காட்டினேன். மோட்டார் ரூம் பின்னால் இருந்த இரண்டு கொடியைக் காட்டியதும் பேசாமல் நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடிச்சவன் பவர் ஸ்பிரேயர் துப்பாக்கிய மேல தூக்கி அடிச்சான். நாந்தான் சீக்கிரம் முடிடான்னேன்" என்றார். நஷ்டஈடு என்று பணம் எதுவும் கைமாறவில்லை. தை மாசம் இரண்டு மூட்டை நெல் வீட்டுக்கு வந்தது. அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சரிதானா என்று கேட்டால் பதில் தெரியாது, ஆனால் அதே வரப்பில்தான் இன்னும் முப்பது வருஷம் நடந்தாக வேண்டும்.

அடிக்கிறவர் கையில் இருப்பது

சாரல் பறப்பது துளியின் பருமனைப் பொறுத்தது. தலைமுடி கனத்தில், அதாவது 100 மைக்ரான் அளவில் இருக்கும் துளி, பத்தடி உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து வினாடி எடுக்கும். மெல்லிய காற்றிலேயே அதற்குள் நாற்பதடி தள்ளிப் போய்விடும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கனத்துத் துளி நிமிடக்கணக்கில் மிதக்கும், அது எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பூச்சி மருந்துக்கு மாட்டும் கூம்பு நாசில் (தெளிக்கும் முனை), பனிபோல நுண்துளியாகத் தள்ளுவதற்கென்றே செய்தது. பவர் ஸ்பிரேயர் துப்பாக்கி அதைவிட மோசம். களை மருந்துக்கு விசிறி நாசிலோ தட்டு நாசிலோ போட வேண்டும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அழுத்தத்தைக் குறைத்து, நாசிலைக் களைக்கு ஒன்றரை அடிக்கு மேல் தூக்காமல் அடிக்க வேண்டும். நாசிலைச் சுற்றிக் கவிழ்க்கும் பிளாஸ்டிக் மூடியும் கடையில் இருக்கிறது. நெல்லுக்கு 2,4-டி சோடியம் உப்பு ஏக்கருக்கு அரைக்கிலோ, 250 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். தண்ணீரைக் கால்வாசியாக்கி நுண்துளியாக விசிறினால் ஆள் கூலி மிச்சம், அக்கம்பக்கத்துக்குச் செலவு.

2,4-டியிலேயே எஸ்டர் வகை, உப்பு வகை என்று உண்டு. எஸ்டர், அடித்து முடித்த பிறகும் வெயிலில் ஆவியாகக் கிளம்பி வரும். காற்றில்லாத நேரம் பார்த்து ஒழுங்காக அடித்தாலும் மதியம் அது எழுந்து நடக்கும். பழத்தோட்டம் பக்கத்தில் இருந்தால் சோடியம் உப்போ அமைன் உப்போ வாங்கச் சொல்லுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. விடியற்காலையில் ஒரு இலைகூட அசையாது, அதுதான் நல்ல நேரம் என்று எல்லோரும் நினைக்கிறோம். எங்கள் மாதிரிப் பள்ளத்தாக்கில் அதுதான் ஆபத்தான நேரம். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கும். நுண்துளி மேலேயும் போகாது, கீழேயும் விழாது, அப்படியே படர்ந்து தாழ்ந்த பக்கமாக நகரும். சோதிப்பது சுலபம். ஒரு தென்னை மட்டையைக் கொளுத்துங்கள். புகை ஆளுயரத்தில் பாயாக விரிந்து நின்றால் டேங்கைத் தொடாதீர்கள். வெயில் ஏறி ஒன்றரை மணி கழித்து, புகை ஒரே சீராகப் பந்தலுக்கு எதிர்த்திசையில் மெல்லச் சாய்ந்தால் அதுதான் நேரம்.

ஆடியில் அப்படி ஒரு நேரமே வாய்க்காது என்பதுதான் நிஜம். ஒன்பது மணிக்கெல்லாம் காற்று எழும்பிவிடும், அதுவும் மேற்கிலிருந்தே. அதனால் பெரியப்பாவும் நானும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் வயலின் கிழக்கு ஓரத்தில் பத்து மீட்டர் அகலத்துக்கு மருந்தே கிடையாது. அங்கே கோனோவீடர் என்ற தள்ளு களைக்கருவியை ஓட்டி, மிச்சத்தைக் கையால் களை எடுக்கிறார்கள். அந்தக் கூலியில் பாதி என்னுடையது. போன தடவை என் பங்கு 900 ரூபாய். ஒரு வரிசைத் திராட்சையின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வரப்பில் இரண்டு வரிசை கோ-4 தீவனப்புல் நெருக்கமாக நட்டேன். ஆளுயரத்துக்கு வளர்ந்து காற்றை வடிகட்டும், 2,4-டிக்கு அது அசையாது. அகத்தி நட்டால் அதுவே முதலில் கோணிக்கொள்ளும். மருந்து அடித்த பிறகு சில வாரத்துக்கு அந்தப் புல்லை மாட்டுக்கு அறுக்காதீர்கள்.

என் டேங்க் செய்த வேலை

இவ்வளவு நீதி பேசும் நான், மறு வருஷம் என் பப்பாளியை நானே கெடுத்தேன். காற்றுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. வரப்புக் களைக்கு 2,4-டி அடித்த பேட்டரி டேங்கை ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வைத்தேன். நாலு நாள் கழித்து அதிலேயே நுண்ணூட்டம் கலந்து பதினாலு பப்பாளிக்கு அடித்தேன். பதினாலும் மரவள்ளியாகிவிட்டது. டேங்கின் அடியில், குழாயின் ரப்பரில், வடிகட்டியில் ஒட்டியிருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்படியானால் எப்படிக் கழுவுவது? மீதி மருந்தை அடித்த வயலிலேயே அடித்துத் தீர்க்க வேண்டும். டேங்கைத் தண்ணீரால் அலசி, அந்தத் தண்ணீரை நாசில் வழியாகவே வெளியேற்ற வேண்டும். பிறகு சலவை சோடா கரைத்து நிரப்பி, கொஞ்சம் குழாய் வழியாக ஓடவிட்டு, ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். மறுநாள் இரண்டு தடவை நல்ல தண்ணீர். நாசிலையும் வடிகட்டியையும் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். வாய்க்காலில் வைத்துக் கழுவக் கூடாது, அந்தத் தண்ணீர் அடுத்தவர் கொய்யாவுக்குத்தான் பாயும். இவ்வளவும் செய்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய டேங்க் ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் களை மருந்துக்கென்றே ஒதுக்கிவிட்டேன். அது மாட்டுக்கொட்டகைச் சுவரில் தனியாகத் தொங்குகிறது. யார் இரவல் கேட்டாலும் அதுதான் கிடைக்கும், "பூச்சி மருந்துக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

மரத்தடிக் களைக்கு நம் தோட்டத்திலேயே கிளைபோசேட் அடிக்கும் பழக்கமும் விடத்தக்கதுதான். அது நம் நாட்டில் தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. நான் மரத்தடியில் தென்னை மட்டையும் கரும்புச் சோகையும் பரப்புகிறேன், நடுவில் வளர்வதைப் புல்வெட்டும் மெஷினால் வெட்டுகிறேன்.

இப்போது கவாத்து வெட்டும் அன்றே, வெட்டிய தேதியையும், பூவுக்கு முன்னாலிருந்து பிஞ்சு பிடிக்கும் வரையான ஆபத்துக் காலத்தின் இரு எல்லைகளாக அதிலிருந்து இருபதாம் நாள், அறுபதாம் நாள் தேதிகளையும் சுற்றியுள்ள நாலு வயல்காரர்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன். பெரியப்பாவுக்கு வாட்ஸப் பார்க்க வராது. அவர் போன் போடுவார். போன ஆடியிலும் போட்டார்.

"தாயி, பூ முடிஞ்சிருச்சா?"

"இன்னும் எட்டு நாள் ஆகும் பெரியப்பா."

"எட்டு நாள்ல கோரை முட்டளவு வந்துருமே. சரி சரி, ஆள விட்டுப் பறிக்கிறேன். பாதிக் கூலி உன்னுது."

"முழு வயலுக்குமா?"

"பின்ன? பூ யாரு வீட்டுது?"